ஆடியில் இறுகும் டிராயர்: குன்னூர் வாடகை வீட்டில் பழைய சாமான்கள்

2022 ஜூனில் திருப்பூரிலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வந்தபோது எங்கள் லாரியில் இருந்த ஒரே புதுப் பொருள் ஒரு துணி அலமாரி. மூன்று கதவு, நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி, தேக்கு நிறம். மலைக்குப் போகிறோம், கம்பளியும் ஸ்வெட்டரும் சேரும் என்று கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு 11,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. செப்டம்பரில் அதன் அடிப்பலகை டீயில் முக்கிய பொரை மாதிரி உப்பியது. ஐப்பசி மழையில் கீல்களின் திருகாணிகள் ஒவ்வொன்றாகத் தூளோடு கையில் வந்தன. தீபாவளி முடிந்த வாரம் கண்ணாடிக் கதவு கழன்று என் கணவரின் கால்மேல் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, கட்டைவிரல் நகம் போனது. வாங்கிய கடைக்கு ஃபோன் போட்டால், "மலைக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வேற காட்டியிருப்பனே" என்கிறார்கள்.

அது மரத்தூளையும் சில்லுகளையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து அழுத்திய பலகை. அழுத்தி வைத்த சில்லு ஈரம் ஏறினால் விரியும். பிறகு எவ்வளவு காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. திருகாணி பிடித்துக்கொள்ள அதில் நார் கிடையாது. திருப்பூர் வெயிலில் பத்து வருடம்கூட நின்றிருக்கும். இங்கே ஐந்து மாதம்.

அதன் பிறகு 2022 டிசம்பரிலிருந்து 2023 மே வரை, வீட்டுக்கு வேண்டியதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பழையதாகவே வாங்கினோம். வாங்கியவை இரண்டு மழைக்காலங்களைப் பார்த்துவிட்டன. செலவை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், எது நின்றது, எது எங்களை ஏமாற்றியது, எங்கே நாங்களே ஏமாந்தோம் என்று இப்போது எழுத முடிகிறது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். வெல்லிங்டன் பக்கம், சரிவில் இறங்கும் படிக்கட்டுக்குக் கீழே, இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறை. தகரக் கூரை, அதற்குக் கீழே பலகைத் தட்டு, சிமென்ட் தரை. பின்சுவர் மண்சரிவோடு ஒட்டி நிற்பதால் ஜூலை முதல் டிசம்பர் வரை ஊறிக்கொண்டே இருக்கும். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது. எங்களுக்கு அது சாரலும் மூட்டமுமாக வந்து போகும், ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டும். இரண்டுக்கும் நடுவே துணி காய்வதற்கு இடைவெளி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர், அத்தை, அப்போது நான்கு வயதான மகள். மூன்று நான்கு வருடத்தில் மறுபடி மாற்றல் வரலாம். ஆகவே 50,000 ரூபாய்க்குமேல் சாமானில் போடுவதில்லை என்று முடிவு.

முதல் தடை பணமில்லை, அத்தை. எங்கள் பக்கம் பழைய மேசை நாற்காலியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கட்டில் என்றால்தான் பேச்சு மாறும். "யாரு படுத்து உசுரு விட்ட கட்டிலோ, அதுல எம்பேத்தியப் படுக்க வெப்பியா?" என்றார். கல்யாணச் சீரில் புதுக் கட்டிலும் பீரோவும் வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. என் சீர் பீரோ கொழுந்தனார் வீட்டில் இருக்கிறது, கேட்டுத் தூக்கிவர மனமில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. வீடுகளிலிருந்து கட்டில் வாங்கக்கூடாது. லாட்ஜில் வாங்கலாம், ஏனென்றால் "லாட்ஜுல ஒரு நாள் ரெண்டு நாள் தங்கிட்டுப் போறவங்கதான்." இந்தத் தர்க்கம் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மலையில் பழைய சாமான் வரும் வழிகள் சமவெளியைப் போல் இல்லை. பெரிய ஊற்று ஸ்டாஃப் காலேஜ். 1947-இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள குவெட்டாவிலிருந்து பிரிந்து வெல்லிங்டனுக்கு வந்த கல்லூரி. முப்படை அதிகாரிகள் ஏறக்குறைய பதினொரு மாதம் படித்துவிட்டு, ஏப்ரல் வாக்கில் குடும்பத்தோடு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். போகும்போது பாரம் குறைக்க வேண்டும். பங்குனி பிறந்தால் வெல்லிங்டன், பேரக்ஸ் பக்கத்துக் கடைகளின் கண்ணாடியில் சீட்டுகள் ஒட்டப்படும், வாட்ஸ்ஆப் குழுக்களில் படங்கள் சுற்றும். அடுத்தது எஸ்டேட் பங்களாக்கள். கை மாறும்போது, ரிசார்ட்டாக மாறும்போது, உள்ளே இருந்ததெல்லாம் மொத்தமாக ஒரு வியாபாரியிடம் போகும். மூன்றாவது லாட்ஜுகள். சீசனுக்கு முன்பு அறைகளைப் புதுப்பிக்கிறார்கள். நான்காவது, எல்லாம் கடைசியில் வந்து சேரும் பழைய இரும்புக் கடைகள். அங்கே ஒரு முறை ஈட்டிமர நாற்காலியின் கால்கள் நான்கு, யூகலிப்டஸ் விறகோடு சேர்ந்து கிலோக் கணக்கில் கிடந்ததைப் பார்த்தேன். வெந்நீர் அடுப்புக்குப் போகும் விறகு. கேட்டதற்குக் கடைக்கார பாய், "சீட்டு உடைஞ்சு வந்துச்சு டீச்சர், யாரு ரிப்பேர் பண்றா?" என்றார். அன்று அந்தக் கால்களை வாங்கி வராதது இன்னும் உறுத்துகிறது.

எங்களுக்கு வாய்த்த நல்ல காலம், மகள் பள்ளி வேனில் வரும் இன்னொரு பிள்ளையின் தாத்தா ஆசாரி. எழுபதை நெருங்கியவர். ஒரு காலத்தில் எஸ்டேட்களில் வேலை பார்த்தவர். முதல் மேசை பார்க்கப் போனபோது அவரை அழைத்துப் போனேன். பிறகு எல்லாவற்றுக்கும் அவர்தான்.

அந்த மேசையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய சாமான் பார்ப்பது எப்படி என்று அந்த அரைமணியில்தான் கற்றேன். அதிகாரி ஒருவரின் வீடு. பாதி சாமான் கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் ஏறிவிட்டிருந்தது. நான்கு பேர் உண்ணும் மேசை, நான்கு நாற்காலி, 14,000 கேட்டார்கள். நான் மேல்பலகையைத் தடவி, "பாலிஷ் நல்லாருக்கு" என்றேன். ஆசாரி மேலே பார்க்கவே இல்லை. "ஒரு கை புடிங்க" என்று மேசையைக் கவிழ்த்தார்.

கவிழ்த்தால் எல்லாம் தெரிகிறது. பாலிஷ் படாத அடிப்பக்கத்தில்தான் மரத்தின் உண்மையான நிறம். பலகையின் ரேகை மேலிருந்து விளிம்பு வழியாக அடிவரை தொடர்ந்து ஓடினால் முழு மரம், விளிம்பில் ஒரு பட்டை ஒட்டியிருந்தால் மேலே மட்டும்தான் மரம். கால் சேரும் இடத்தில் திருகாணி மட்டும் இருந்ததா, ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றதன் துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்திருந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். மர ஆணிதான். பிறகு ஒரு காலைப் பிடித்து மெல்ல முறுக்கினார். ஆடினால் பசை விட்டிருக்கிறது, அது பெரிய குறையல்ல, கழற்றி ஒட்டலாம். காலே பிளந்திருந்தால்தான் விட்டுவிட வேண்டும். பிறகு மண்டியிட்டு நான்கு கால் முனையையும் நகத்தால் அழுத்தினார். தரை ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான். நகம் இறங்கவில்லை.

அடிப்பலகையில் மூன்று வெவ்வேறு கைகளில் மூன்று எண்கள் இருந்தன. ஒன்று வெள்ளைப் பெயின்ட், ஒன்று மார்க்கர், ஒன்று பென்சில். அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர்களும் போன வருடம் கிளம்பிய ஒரு குடும்பத்திடம் வாங்கியதாம், அந்தக் குடும்பமும் அப்படித்தானாம். ஆட்கள் நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்க, மேசை மட்டும் வெல்லிங்டனை விட்டு நகராமல் வீடு வீடாக மாறியிருக்கிறது. ஆசாரிக்கு இதைத் தமிழில் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இது நம்மூருக் காத்தைக் குடிச்ச மரம். வாங்குங்க." 9,000-க்கு முடிந்தது. வெளியே வந்த ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியையும் 600-க்குச் சேர்த்துக்கொண்டோம். வெள்ளை எழுத்தில் யாரோ ஒரு மேஜரின் பெயர் அதில் இருந்தது. அதை அழிக்க அத்தை விடவில்லை, திருடன் வந்தால் பயப்படுவானாம்.

"காத்தைக் குடிச்ச மரம்" என்று அவர் சொன்னது எனக்கு அப்போது ஒரு பேச்சழகு மட்டும்தான். அதற்கு முன்பே, பிப்ரவரியில், நான் ஒரு தவறு செய்து முடித்திருந்தேன். கோவைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது உக்கடம் பக்கம் நான்கு டிராயர் வைத்த ஒரு பெட்டி அலமாரி கண்ணில் பட்டது. மாமரச் சட்டம், பித்தளைக் கைப்பிடி, டிராயர்கள் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போய் வந்தன. 3,800 ரூபாய். சின்ன யானை என்கிறோமே, அந்தச் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவர 3,500. அப்போதாவது நினைத்த நேரத்தில் வண்டி ஏறும். 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டதால், வெளியூர் வண்டிக்கு அந்த வேலையும் கூட.

ஆடி பிறந்தது. முதல் டிராயர் அழுந்தியது, பிறகு இரண்டாவது, பிறகு எதுவும் திறக்கவில்லை. கைப்பிடி ஒன்று கையோடு வந்தது. ஆசாரியை இழைப்புளியோடு வரச் சொன்னேன். வந்தார், தட்டிப் பார்த்தார், இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மரம் காற்றிலிருக்கும் ஈரத்துக்கு ஏற்ப எப்போதும் உறிஞ்சியும் விட்டும் கொண்டிருக்கும். வெட்டி ஐம்பது வருடம் ஆனாலும் அது நிற்பதில்லை. நீளவாக்கில் ஏறக்குறைய நகராது, அகலவாக்கில்தான் மூச்சு விடும். கோவையின் மாசிக் காற்றில் காய்ந்த ஒரு பலகை, குன்னூரின் ஆடி மூட்டத்தில் எடையில் இன்னும் ஆறேழு சதவீதம் நீரை ஏற்றிக்கொண்டால், 20 செ.மீ. உயரமுள்ள டிராயர் முகப்பு மரத்தைப் பொறுத்து 2, 3 மி.மீ. வளரும். டிராயருக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியே அவ்வளவுதான். "இப்ப இழைச்சா சுலுவாத் தொறக்கும் டீச்சர். மாசியில பாருங்க, எலி போற சந்து இருக்கும். ஒரு வருசம் இந்தக் காத்தை இது குடிக்கட்டும். எவ்வளவு ஊதுது எவ்வளவு இளைக்குதுன்னு பாத்துட்டு அப்பறம் கை வெக்கலாம்." டிராயர் ஓடும் தடத்தில் தேன்மெழுகு தேய்த்துவிட்டுப் போனார். கோத்தகிரிப் பக்கம் தேன் எடுப்பவர்களிடமிருந்து வந்த கட்டி அது, பெட்டியில் எப்போதும் வைத்திருக்கிறார். 2024 மாசியில் அவர் சொன்னபடியே நான்கு டிராயரும் தாமாக இளகின.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்: மலையில் சாமான் தேடும்போது வயதும் விலையும் பார்ப்பதற்கு முன்னால், அது கடைசிப் பத்து வருடம் எந்த ஊரில் நின்றது என்று கேட்க வேண்டும். இங்கேயே பல மழை பார்த்த மேசை எப்போது ஊதும், எங்கே வளையும் என்று காட்டி முடித்துவிட்டது. பிளக்க வேண்டியது பிளந்தாகிவிட்டது. சமவெளியிலிருந்து வருவது எவ்வளவு நல்ல மரமானாலும் இங்கே வந்தபின்தான் தன் குணத்தைக் காட்டும்.

இப்போது லாட்ஜ் கட்டில். 6,500 ரூபாய், தேக்கு, இருவர் படுப்பது, தலைமாட்டுப் பலகையின் பின்னால் சிவப்பில் 7 என்று அறை எண். ஆசாரி கவிழ்த்துப் பார்த்து நல்ல வைரம் பாய்ந்த கட்டை என்றார். அவர் மரத்தைத்தான் பார்த்தார். நான்காம் நாள் காலை மகளின் கையில் வரிசையாக மூன்று தடிப்பு. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று களிம்பு தடவினேன். அத்தைதான் மெத்தையைத் தூக்கி, சட்டமும் பலகையும் சேரும் சந்தில் மிளகுத்தூள் சிந்தினதுபோல் இருந்த கறுப்புப் புள்ளிகளைக் காட்டினார். மூட்டைப்பூச்சி. ஒரு நாள் இரண்டு நாள் தங்கிப் போனவர்கள் விட்டுப்போனது.

திருப்பூரில் இதற்கு வைத்தியம் சுலபம். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் கட்டிலைப் போட்டால் போதும், சூடேறிய பலகையில் எதுவும் மிஞ்சாது. பூச்சியும் முட்டையும் சாக ஏறக்குறைய 50 டிகிரிச் சூடு வேண்டும். சித்திரை நடுப்பகலில்கூட ஸ்வெட்டரைக் கழற்ற யோசிக்கும் ஊரில் அதற்கு எங்கே போவது? போதாக்குறைக்கு, குளிரில் அவை தீனி இல்லாமல் இன்னும் அதிக நாள் தாங்கும், அறையைப் பூட்டிப் போட்டுப் பட்டினி போடுவதும் நடக்காது. குழந்தை படுக்கும் கட்டிலில் மருந்தடிக்க எனக்கு மனமில்லை. கட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, முற்றத்தில் சாய்த்து, ஒவ்வொரு துளையிலும் சந்திலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம். முட்டைகள் பொரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், குளிரில் இன்னும் தாமதம், எனவே பத்து நாளுக்கு ஒரு முறையாக நான்கு தடவை. அந்த நாற்பது நாளும் நால்வரும் தரையில் பாயில். பூச்சி போனது. கூடவே பாலிஷும் போனது, வெந்நீர் பட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பாலிஷ் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஆகாது. மறுபடி போட ஆசாரி உடனே ஒப்பவில்லை. மூட்டத்தில் போட்டால் பால் ஊற்றினதுபோல் வெள்ளை பூக்குமாம். நல்ல வெயில் மூன்று நாள் சேர்ந்து கிடைக்கும்வரை கட்டில் எண்ணெய்ப் பிசுக்கில்லாத வெறும் மரமாகவே நின்றது. அத்தை இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவருக்கு வாங்கிய ஒற்றைக் கட்டில் பக்கத்து லைனில் ஓர் ஆசிரியர் வீட்டிலிருந்து 2,200-க்கு வந்தது. அது யார் படுத்த கட்டில் என்று அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. வாசலில் ஓர் எலுமிச்சம்பழம் மட்டும் நசுக்கினார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். இரும்பு பீரோ 5,500. அடித்தகட்டில் துரு, தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தபின் இன்றுவரை வம்பில்லை. உள்ளே துணியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி ஒரு பழைய ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறது. பெயர்தான் ஜீரோ, பத்து பதினைந்து வாட்ஸ் இழுக்கும், அந்தச் சூடுதான் வேலை செய்கிறது. எல்.இ.டி. போட்டால் வெளிச்சம்தான் மிச்சம். துணி பல்பைத் தொடாமல் கம்பி வலை கட்டியிருக்கிறோம். டீத்தூள் ஏற்றிய பழைய பிளைவுட் பெட்டிகள் இரண்டு, ஓரத்தில் தகரப் பட்டையோடு, 300. ஒன்று செருப்புக்கு, ஒன்று வெங்காயத்துக்கு. இந்த வீட்டில் விலைக்கு மேல் உழைப்பது அவைதான்.

சில்வர் ஓக் புத்தக அலமாரி 1,000 ரூபாய். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கிறார்களே, அந்த மரம். வந்த மறுவாரம் கீழ்த்தட்டில் சலித்த மாவு மாதிரிப் பொடி. துடைத்தால் மறுநாள் மறுபடி. பழைய துளைகள் இருப்பது குற்றமில்லை, வண்டு எப்போதோ போயிருக்கலாம். புதுப் பொடி விழுந்தால்தான் உள்ளே ஆள் இருக்கிறது. இவை மாவுச்சத்து உள்ள வெளிறை, அதாவது மரத்தின் வெளிப்பக்க இளங்கட்டையைத்தான் தின்னும், நடுவில் முற்றிய வைரத்தை அவ்வளவாகத் தொடாது. உளுத்த இரண்டு தட்டுகளை எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பாலிஷ் போக இழைத்து, போராக்ஸும் போரிக் ஆசிடும் வெந்நீரில் கரைத்து இரண்டு முறை பூசினோம். பாலிஷ் இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. தட்டுகளுக்குப் பதில் பழைய ஜன்னல் கதவுப் பலகை. அதன்பின் பொடி இல்லை.

பிளான்டர் சேர் ஒன்று, கைப்பிடிக்குக் கீழிருந்து நீட்டிக் கால் போட்டுக்கொள்ளும் வகை. பிரம்பு கிழிந்திருந்ததால் 1,200. பின்னக் கொடுத்தது 1,800. பிரம்பை ஊறவைத்து ஈரமாகவே பின்னுகிறார்கள், காயும்போது தானாக முறுக்கேறும். உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்தால் அடியிலிருந்து ஈரத்துணி ஒற்றிக் காயவிடச் சொன்னார் பின்னியவர். இரண்டு முறை செய்தாயிற்று, வேலை செய்கிறது.

நாங்களே தோற்றது மகளின் எழுதுமேசையில். பச்சை பெயின்ட், 400 ரூபாய், உரித்தால் அதற்கடியில் வெள்ளை, அதற்கடியில் நீலம். ஆசாரியின் பேரன் மெஷின் உப்புத்தாளைப் போட்டு இழைக்க ஆரம்பித்தான். முற்றமெல்லாம் பச்சைப் புழுதி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் இங்கே அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் எதுவாக இருந்தாலும் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த புழுதியாக்குவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. கை வாய்க்குப் போகும் வயதுப் பிள்ளை இருக்கும் வீடு. நிறுத்தச் சொல்லி, முற்றத்தை ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தூர எறிந்தோம். மேசை இப்போது வெளியே ஜெரேனியம் தொட்டிகளைத் தாங்குகிறது. மகள் டிரங்குப் பெட்டியின்மேல் வைத்து எழுதுகிறாள், மேஜரின் பெயருக்கு மேலே.

துணி உறை போட்ட சோபாக்கள் பல மலிவாக வந்தன, ஒன்றையும் தொடவில்லை. பஞ்சுக்குள் போன ஈரமும் பூச்சியும் வெளியே வருவதில்லை. மெத்தைகள் புதிது, இரண்டும் சேர்ந்து 13,000. புதிதாக வாங்கியவற்றில் என் மனதுக்குப் பிடித்தது 900 ரூபாய்க்கு ஓர் உண்ணிக்குச்சி முக்காலி. காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் லன்டானா என்ற களை அது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே குச்சியில் ஆளைத் தாண்டும் யானைகளைச் செய்து வெளிநாடுவரை அனுப்புகிறார்கள். வெட்ட வெட்ட நல்லது என்று சொல்லக்கூடிய மரச்சாமான் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கணக்குக்கு வருகிறேன். பழையதாக வந்தவை பதினைந்து உருப்படி, 30,500 ரூபாய். ஏற்றிறக்கு, உள்ளூர் வண்டி நான்கு சவாரி 2,800, கோவைச் சவாரி 3,500. ஆசாரி கூலி ஐந்து நாள், நாளுக்கு 1,100. பிரம்புப் பின்னல் 1,800. உப்புத்தாள், அரக்கு, ஸ்பிரிட், கீல், போராக்ஸ் என்று 2,150. எல்லாம் சேர்ந்து 46,250. கோவையில் இதே பட்டியலை ஒரு புதுக் கடையில் கேட்டபோது 1,10,000-ஐ ஒட்டிச் சொன்னார்கள், அதில் கட்டிலும் மேசையும் தேக்கில்லை. ஆனாலும் சீட்டில் ஒட்டியிருக்கும் விலையை நம்பி யாரும் கிளம்ப வேண்டாம். வாங்கிய விலைக்குமேல் எங்களுக்கு ஆனது 15,750, அதாவது பாதிக்கு மேல். ஆசாரி கிடைக்காத இடத்தில் இது இன்னும் ஏறும், அல்லது சாமான் அப்படியே முடங்கும். என் நேரத்தையும் அந்த நாற்பது நாள் பாயையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சூழலுக்கு எவ்வளவு நல்லது என்று கேட்டால், உணவு மேசையை எடுத்துக்கொள்கிறேன். சுமார் 40 கிலோ. ஈரத்தைக் கழித்தால் காய்ந்த மரம் 35 கிலோ. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது வெந்நீர் அடுப்புக்குப் போயிருந்தால் 65 கிலோ அளவுக்குக் கரியமில வாயுவாகியிருக்கும். மேசை நிற்கும்வரை அதுவும் நிற்கிறது. இதையே உக்கடம் அலமாரிக்குப் போட்டுப் பார்த்தால் முகம் சுருங்கும். 30 கிலோ அலமாரியில் நிற்பது 48 கிலோ. அதற்காக ஒரு வண்டி கோவைக்கும் குன்னூருக்குமாக 140 கிலோமீட்டர், ஏறக்குறைய பாதி மலைப்பாதை, பத்து லிட்டர் டீசலை எரித்திருந்தால் 27 கிலோ அன்றே புகைக்குழாய் வழியாகப் போய்விட்டது. வெல்லிங்டனிலிருந்து மேசை வந்த தூரம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. பழையது என்பதாலேயே நல்லது என்று நான் இப்போது சொல்வதில்லை, எங்கிருந்து பழையது என்று கேட்கிறேன்.

பராமரிப்பில் இரண்டு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தச் சாமானும் பின்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளித்தான் நிற்கும், காற்று போக வேண்டும். எல்லாக் கால்களுக்கும் அடியில் ரப்பர் புஷ், சிமென்ட் தரையின் ஈரத்தை மரம் குடிக்காமலிருக்க. முதல் வருடம் போடாமல் விட்ட ஒரு நாற்காலிக் காலில் கறுப்பு வளையம் விழுந்தது, அது இன்னும் இருக்கிறது.

இதை எழுதுவது 2024 நவம்பரில், மூன்று நாளாக விடாத மழையில். உக்கடம் அலமாரி இரண்டாம் வருடமாக இறுகியிருக்கிறது. மெழுகு தேய்த்த கீழ் மூன்று டிராயரும் முனகிக்கொண்டாவது திறக்கின்றன. மேல் டிராயர் அசையவில்லை. மகளை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றுவதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள், அது அதற்குள்ளேதான் இருக்கிறது. ஆசாரிக்கு ஃபோன் போட்டேன். "பின்பலகை நாலே ஸ்குரூதான் டீச்சர், அதைக் கழட்டி அந்தப் பக்கமா எடுங்க" என்றார். நேற்று இரவு கணவர் அலமாரியைத் திருப்பி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பின்பலகையைக் கழற்றிக் கையை விட்டு எடுத்தார். சான்றிதழோடு, காணாமல் போயிருந்த கேஸ் புத்தகமும் வந்தது. பலகையைத் திரும்ப மாட்டட்டுமா என்று கேட்டதற்கு, மாசிவரை அப்படியே கிடக்கட்டும் என்றார் ஆசாரி.